யாக்கோபின் துக்கம், யாகூபின் கண்கள்: முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வேதத்தில் நம்பிக்கையைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

சமய நல்லிணக்கக் கூட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு மேடை இருக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவார்கள். எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்று சொல்லி முடிப்பார்கள். அந்த நல்லெண்ணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே யாரும் வேதத்தைத் திறப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு இரவில் தூங்குகிறார் என்பது கடைசிவரை நமக்குத் தெரியாமலே போகிறது.

இந்த வழிகாட்டி வேறொரு முறையைச் சொல்கிறது. ஆறேழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். குர்ஆனிலிருந்து ஒரு பகுதி, பைபிளிலிருந்து ஒரு பகுதி. வரிவரியாக வாசித்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்க வேண்டும். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1990களில் பீட்டர் ஓக்ஸ், டேவிட் ஃபோர்டு, டேனியல் ஹார்டி ஆகியோர் யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் அறிஞர்களைச் சேர்த்து இப்படி வாசிக்கத் தொடங்கினார்கள். 2002இல் லண்டனில் கேன்டர்பரி பேராயர் ஜார்ஜ் கேரி கூட்டிய முஸ்லிம்–கிறிஸ்தவ அறிஞர் சந்திப்பு ஒரு தொடராகவே வளர்ந்தது. அதற்கும் சேர்ந்து வாசிப்பதுதான் அடித்தளம். பேராசிரியர்கள் செய்ததை நாமும் செய்யலாம். பொறுமை இருந்தால் போதும்.

படி 1: யார் உட்கார்வது, எதற்காக?

ஆறு முதல் எட்டுப் பேர் சரியான அளவு. இரு பக்கமும் ஏறத்தாழ சம எண்ணிக்கை இருக்கட்டும். ஐந்து கிறிஸ்தவர்களுக்கு நடுவே ஒரே ஒரு முஸ்லிம் என்றால் அது உரையாடலாக இருக்காது, அவருக்கு நேர்காணலாகிவிடும். நெறிப்படுத்த ஒருவர் வேண்டும். அவருடைய வேலை பேச்சை மறுபடி மறுபடி வசனத்துக்குக் கொண்டுவருவது.

முதல் நாளே இரண்டு விஷயங்களை வாய்விட்டுப் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். இங்கே யாரும் யாரையும் மதம் மாற்ற வரவில்லை என்பது ஒன்று. யாரும் தன் மதம் முழுவதற்கும் பிரதிநிதி இல்லை என்பது மற்றொன்று. "இஸ்லாம் இப்படிச் சொல்கிறது" என்பதைவிட "நான் இதை இப்படி வாசிக்கிறேன், என் ஆசிரியர் இப்படிச் சொல்லித் தந்தார்" என்பது உண்மையானது. எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்லவும் அது இடம் கொடுக்கும்.

இப்படி உட்கார வேதத்திலேயே ஆதாரம் உண்டு. வேதக்காரர்களோடு (யூதர், கிறிஸ்தவரோடு) அழகிய முறையில் அல்லாமல் வாதிடாதீர்கள் என்கிறது குர்ஆன் 29:46. உங்களிடம் இருக்கிற நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்கிறது 1 பேதுரு 3:15. இந்த இரண்டையும் முதல் சந்திப்பின் தொடக்கத்தில் வாசித்துவிடுங்கள்.

படி 2: "நம்பிக்கை" என்ற சொல்லை முதலில் சரிசெய்யுங்கள்

தமிழில் பேசுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. தாண்டினால் அரை மணி நேரம் கழித்து, எல்லோரும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பது தெரியவரும்.

1 கொரிந்தியர் 13:13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்த சபைகளில் பழக்கமான பழைய மொழிபெயர்ப்பில் அது "விசுவாசம், நம்பிக்கை, அன்பு." கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு." அதாவது ஒரு சபையில் நம்பிக்கை என்றால் இனி வரப்போகும் நன்மைக்காகக் காத்திருப்பது, இன்னொன்றில் அதே சொல் கடவுளை ஏற்றுக்கொள்வதைக் குறிக்கிறது. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இப்படி என்றால், முஸ்லிம் நண்பர் வந்து சேரும்போது குழப்பம் இன்னும் கூடும். அவருக்கு இறைநம்பிக்கை என்றால் ஈமான். வரப்போகும் அருளை எதிர்பார்த்து நிற்பதற்கு அவர் வீட்டில் வேறு பேச்சு உண்டு: "ஆதரவு வைப்பது." தம் இறைவனைச் சந்திக்க ஆதரவு வைப்பவர் நற்செயல் செய்யட்டும் என்றுதான் 18:110ஐத் தமிழில் வாசித்துப் பழகியிருப்பார்.

எனக்கு "ஆதரவு வைத்தல்" மிகவும் பிடித்த சொல். காத்திருப்பவர் ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு காத்திருக்கிறார் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு மூலச் சொற்களையும் எழுதிவையுங்கள். அரபியில் முதன்மையானது ரஜா, இந்த ஆதரவு வைத்தல்தான். 32:16இல் தமஉ என்ற சொல் வருகிறது. அச்சத்தோடும் ஆசையோடும் இறைவனை அழைப்பவர்கள் என்னும் இடம் அது. அமல் என்றும் ஒன்று உண்டு. நற்செயலைக் குறிக்கும் அமல் ஐன் எழுத்தில் தொடங்கும், இது அலிஃபில் தொடங்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், கவனம் தேவை. இந்த அமல் 18:46இல் நல்ல பொருளிலும், 15:3இல் மனிதரைப் பராக்காக்கும் வெற்று ஆசை என்ற பொருளிலும் வருகிறது.

பைபிள் பக்கம் எபிரேயத்தில் திக்வா. யோசுவா 2:18இல் ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றைச் சொல்லும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. கிரேக்கத்தில் எல்பிஸ். இந்தப் பெயர்ச்சொல் நான்கு சுவிசேஷங்களிலும் ஒருமுறைகூட வரவில்லை. வினைச்சொல்லாகச் சில இடங்களில் வருகிறது. அதில் ஒன்று லூக்கா 24:21. எம்மாவு ஊருக்கு நடந்துபோகும் இரண்டு பேர், இயேசுவே இஸ்ரவேலை மீட்பவர் என்று "நம்பியிருந்தோம்" என்கிறார்கள். இறந்த காலம். இந்த ஒரு வினைச்சொல்லை வைத்தே ஒரு மாலை முழுவதும் பேசலாம்.

படி 3: பகுதிகளைத் தேர்ந்தெடுப்பது

பத்துப் பன்னிரண்டு வசனங்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒன்று. அழகான ஒற்றை வரிகளைத் திரட்டாதீர்கள். "கஷ்டத்தோடு இலகு இருக்கிறது" (94:5–6) என்பதையும் எரேமியா 29:11ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். கதையாக இருக்கும் பகுதி நல்லது. ஆட்கள், இடம், தவறு, கண்ணீர் எல்லாம் இருந்தால் கேள்விகள் தாமாக வரும்.

இயேசுவைப் பற்றிய பகுதியிலிருந்து தொடங்காதீர்கள். அதற்கான நாள் பின்னால் வரும், பழக்கம் ஏற்பட்ட பிறகு. முதல் சந்திப்புக்கு நான் எப்போதும் சொல்வது மகனை இழந்த தகப்பனின் கதை: ஆதியாகமத்தின் யாக்கோபு, குர்ஆனின் யாகூப் நபி. ஆனால் ஒரு எச்சரிக்கை. குழுவில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருக்கக்கூடும். முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுங்கள். அவர் தயங்கினால் வேறு பகுதி எடுங்கள், காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: தாளும் மரியாதையும்

சிறிய விஷயம் போலத் தோன்றும், ஆனால் மனம் புண்படுவது இங்கேதான். அரபி மூலம் அச்சிட்ட தாளைத் தரையில் வைப்பதும், அதன்மேல் கோப்பை வைப்பதும், கசக்கிக் குப்பையில் போடுவதும் முஸ்லிம்களுக்கு வேதனை தரும். முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை)த் தொட ஒளு (கைகால் முகம் கழுவும் சுத்தம்) வேண்டும் என்பது பலருடைய நடைமுறை. கிறிஸ்தவரோ தன் பைபிளில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பும் தேதியும் எழுதி வைத்திருப்பார். அவருக்கு அது அன்பின் அடையாளம். அதனால் இரண்டு தாள்களைத் தயார் செய்யுங்கள். கோடு போடவும் எழுதவும் தமிழ் மட்டும் உள்ள தாள். அரபி மூலம் வேண்டுபவருக்குத் தனித் தாள், கூட்டம் முடிந்ததும் முஸ்லிம் நண்பர் ஒருவர் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

மொழிபெயர்ப்பின் இடமும் இரு பக்கமும் ஒன்றல்ல. கிறிஸ்தவருக்குத் தமிழ் பைபிள் வேதம்தான். முஸ்லிமுக்குக் குர்ஆன் அரபியில் இருப்பதே, தமிழில் இருப்பது அதன் பொருள். ஆகவே குர்ஆன் பகுதியை முதலில் அரபியில் ஓதச் செய்யுங்கள். புரியாதவர்களும் அமைதியாகக் கேட்கட்டும்.

படி 5: சந்திப்பு நடக்கும் விதம்

இரண்டு மணி நேரம் போதும். முதல் பகுதியை உரக்க வாசியுங்கள். மூன்று நிமிட மௌனம். அந்த வேதத்துக்குரியவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் பின்னணி சொல்லட்டும், பிரசங்கம் வேண்டாம். அப்புறம் மற்ற பக்கத்தார் மட்டும் கேட்பார்கள். கேள்வி வசனத்திலிருந்து பிறக்க வேண்டும்: "இந்தச் சொல் ஏன்? இவர் ஏன் இங்கே மௌனமாக இருக்கிறார்?" ஐம்பது நிமிடம் கழித்து இரண்டாவது பகுதி, அதே வரிசையில். இரண்டையும் சேர்த்துப் பேச கடைசி இருபது நிமிடம்.

ஒப்பிடும் ஆசை முதலிலேயே வரும். அதைக் கடைசிவரை அடக்கி வையுங்கள்.

ஒரு சந்திப்பைப் பக்கத்திலிருந்து பார்ப்போம்

ஆதியாகமம் 37. தம்பி யோசேப்பை எகிப்துக்குப் போகிறவர்களிடம் விற்றுவிட்ட மகன்கள், வெள்ளாட்டு ரத்தத்தில் தோய்த்த அவனுடைய அங்கியைத் தகப்பனிடம் கொண்டுவருகிறார்கள். யாக்கோபு அதை நம்பிவிடுகிறார். உடையைக் கிழிக்கிறார், ஆறுதலை ஏற்க மறுக்கிறார், துக்கத்தோடே பாதாளத்தில் இறங்குவேன் என்கிறார். 42:36இல் எல்லாம் எனக்கு விரோதமாகவே நடக்கிறது என்று புலம்புகிறார். நம்பிக்கை என்று சொல்ல ஒரு துளிகூட இல்லை.

இப்போது குர்ஆனின் 12ஆம் அத்தியாயம். அதே மகன்கள், அதே சட்டை, பொய்யான ரத்தம். ஆனால் இந்தத் தகப்பன் அதை நம்பவில்லை. உங்கள் மனம்தான் இதை உங்களுக்கு அழகாக்கிக் காட்டியிருக்கிறது என்கிறார். "ஸப்ருன் ஜமீல்", அழகிய பொறுமை என்கிறார் (12:18). ஆண்டுகள் ஓடுகின்றன. இன்னொரு மகனையும் பிரிகிறார். துக்கத்தை உள்ளுக்குள் அடக்கி அடக்கி அவர் கண்கள் வெளுத்துப்போகின்றன (12:84). அந்த நிலையில்தான் மகன்களிடம், போய் யூசுஃபை (யோசேப்பை)த் தேடுங்கள், அல்லாஹ்வின் ரவ்ஹில் (அவன் தரும் ஆறுதலில்) நம்பிக்கை இழக்காதீர்கள் என்கிறார் (12:87).

கிறிஸ்தவர் கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது: கண் போகும்வரை அழுதவரின் பொறுமை எப்படி அழகிய பொறுமை? முஸ்லிம் நண்பர் 12:86ஐக் காட்டுவார். என் துயரத்தை நான் அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுகிறேன் என்கிறார் யாகூப். அழுவது பொறுமைக்கு எதிரி இல்லை, யாரிடம் அழுகிறோம் என்பதே கேள்வி. முஸ்லிம் திருப்பிக் கேட்பார்: ஒரு தீர்க்கதரிசி இப்படி உடைந்துபோகலாமா, ஆறுதலை மறுக்கலாமா? கிறிஸ்தவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பைபிள் தன் முற்பிதாக்களை உடைந்தவர்களாகவே காட்டத் தயங்குவதில்லை. அங்கே கதையைத் தாங்கிப் பிடிப்பது யாக்கோபின் நம்பிக்கை இல்லை. அவர் நம்பாதபோதும் எகிப்தில் கடவுள் செய்துகொண்டிருந்த வேலை.

அப்புறம் அந்தச் சொல்லுக்கு வாருங்கள். ரவ்ஹ் என்பதில் ஆறுதலும் இருக்கிறது, இதமான காற்றும் இருக்கிறது. ஏழு வசனம் தள்ளி, 12:94இல், தகப்பன் யூசுஃபின் வாசனையை உணர்கிறேன் என்கிறார். அங்கே வருவது ரீஹ், அதே வேர்ச்சொல். யூசுஃப் அனுப்பிய சட்டையை முகத்தில் போட்டதும் பார்வை திரும்புகிறது (12:96). ஒரு சட்டை பொய்யைக் கொண்டுவந்தது, இன்னொரு சட்டை ஒளியைக் கொண்டுவந்தது.

ஆதியாகமம் 45:26–27க்குத் திரும்புங்கள். யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்ற செய்தி கேட்டு யாக்கோபின் இருதயம் மரத்துப்போகிறது, நம்பவில்லை. மகன் அனுப்பிய வண்டிகளைக் கண்ணால் கண்டதும் அவருடைய ஆவி உயிர்க்கிறது. எபிரேயத்தில் ஆவிக்கு அங்கே ரூவாஹ். காற்று என்றும் பொருள். அரபி ரவ்ஹுக்கு உடன்பிறந்த சொல். ஒரு வேதத்தில் அந்தக் காற்று இறைவனுடையது, அதை இழக்காதே என்று தகப்பன் மகன்களுக்குச் சொல்கிறார். இன்னொன்றில் தகப்பனே மூச்சற்றுக் கிடக்கிறார், வண்டிச் சக்கரங்களைக் கண்டு மூச்சு திரும்புகிறது. இதில் எது மேலானது என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. என்னைக் கேட்டால், சில நாட்களில் எனக்கு யாகூப் வேண்டும், சில நாட்களில் யாக்கோபு வேண்டும்.

படி 6: அடுத்த சந்திப்புகளுக்கு

இரண்டாவது சந்திப்பில் ஆசைக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். குர்ஆன் 2:218, ரோமர் 5:3–5. முதலாவதில் நம்பிக்கை கொண்டு, ஊரைத் துறந்து, பாடுபட்டவர்களே அல்லாஹ்வின் அருளை ஆதரவு வைக்கிறார்கள். இரண்டாவதில் உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது. இங்கே இமாம் கஸ்ஸாலியின் உவமையைச் சொல்லலாம். இஹ்யா என்ற தன் நூலில், அச்சமும் நம்பிக்கையும் பற்றிய பகுதியில் அவர் ஒரு விவசாயியைக் காட்டுகிறார். நல்ல நிலத்தில் நல்ல விதை போட்டு, நீர் பாய்ச்சி, களை எடுத்து, விளைச்சலுக்கு இறைவனைப் பார்த்திருப்பது நம்பிக்கை. களர் நிலத்தில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது மயக்கம். நல்ல நிலத்தில் விதைத்து, நீர் பாய்ச்சாமல் மழையை நினைத்துக்கொண்டிருப்பது வெறும் ஆசை. கிறிஸ்தவப் பக்கம் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் நம்பிக்கைக்கு எதிராக இரண்டு குற்றங்களை வைக்கிறார்: விரக்தி ஒன்று, எப்படியும் கிடைத்துவிடும் என்ற துணிச்சல் மற்றொன்று. கஸ்ஸாலியும் இதே இரண்டு பள்ளங்களைப் பார்த்துத்தான் எச்சரிக்கிறார்.

மூன்றாவதுக்கு என் விருப்பம் எரேமியா 32. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் 17 சேக்கல் வெள்ளி கொடுத்து ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார்! பத்திரத்தை முத்திரை போட்டு, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இதோடு முஸ்னத் அஹ்மத் என்ற தொகுப்பில் வரும் ஹதீஸை (நபிமொழியை) வையுங்கள்: மறுமை நாள் வந்துவிட்டாலும் உங்கள் கையில் ஒரு பேரீச்சங்கன்று இருந்தால், முடிந்தால் அதை நட்டுவிடுங்கள். ஹதீஸ் குர்ஆன் அல்ல என்பதைக் கிறிஸ்தவர்களுக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

மர்யமின் பிரசவ வேதனையும் (19:23–26) மரியாளின் பாடலும் (லூக்கா 1:46–55) நல்ல இணைதான். ஒன்றில் இதற்கு முன்பே நான் செத்திருக்கக் கூடாதா என்ற கதறல், மற்றொன்றில் துதி.

படி 7: முட்டும் இடத்தில் என்ன செய்வது

ஐந்தாறு சந்திப்புக்குப் பிறகு சிலுவையைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கவும் கூடாது. கிறிஸ்தவ நம்பிக்கை உயிர்த்தெழுதலின்மேல் நிற்கிறது (1 பேதுரு 1:3). குர்ஆன் 4:157 அவர்கள் அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்கிறது. இந்த இடைவெளியை இனிமையான பேச்சால் மூட முயலாதீர்கள். எனக்குப் பயன்பட்ட வழி, மன்னிப்பைப் பற்றிய பகுதிகள் வழியாக அங்கே போவது.

39:53ஐ வாசியுங்கள். தமக்குத் தாமே வரம்பு மீறிய என் அடியார்களே, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள், அவன் பாவங்கள் அனைத்தையும் மன்னிக்கிறான். கூடவே லூக்கா 15, தொலைந்துபோன மகன். கிறிஸ்தவர் கேட்பார்: பலி இல்லாமல் மன்னிப்பு எப்படி? முஸ்லிம் கேட்பார்: உங்கள் கதையில் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாரே, அங்கே பலி எங்கே? அடித்த கன்று விருந்துக்குத்தானே? நியாயமான கேள்வி. அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். இந்தக் கதையைச் சொன்னவர் அப்போது எருசலேமை நோக்கி, அதாவது தம் சிலுவையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார் (லூக்கா 9:51) என்பதைக் கிறிஸ்தவர் காட்டலாம். முஸ்லிம் அதை ஏற்க வேண்டும் என்றில்லை. கேள்வி எங்கே விழுந்திருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தால் சரி.

இன்னொரு முட்டுமிடம் நிச்சயம் பற்றியது. "நான் கட்டாயம் சொர்க்கம் போவேன்" என்று கிறிஸ்தவர் சொன்னால் முஸ்லிம் காதுக்கு அது ஆணவம். "அல்லாஹ் மன்னிக்கக்கூடும், ஆதரவு வைக்கிறேன்" என்று முஸ்லிம் சொன்னால் கிறிஸ்தவர் காதுக்கு அது ஐயம். இரண்டும் தவறான கேட்டல். 9:102இல் தம் பாவத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கு "அஸா" என்று வருகிறது, அதாவது மன்னிக்கக்கூடும். அது அடியானின் அடக்கத்தைக் காக்கும் சொல். எபிரேயர் 6:19 நம்பிக்கையை ஆத்துமாவுக்கு நங்கூரம் என்கிறது. நங்கூரம் பிடித்திருப்பது கப்பலின் பலத்தால் இல்லை. கிறிஸ்தவர்களுக்குள்ளும் இதில் ஒரே குரல் இல்லை. தான் அருளைப் பெற்றுவிட்டதாக ஒருவரும் பிழைக்கு இடமில்லாத நிச்சயத்தோடு அறிய முடியாது என்றது 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம்.

யாராவது குரல் உயர்த்தினால், நெறிப்படுத்துபவர் தாளை எடுத்து அந்த வசனத்தை மறுபடி உரக்க வாசிக்கட்டும். "அமைதியாக இருங்கள்" என்று சொல்வதைவிட இது பலன் தரும்.

படி 8: முடிக்கும் விதம்

சேர்ந்து ஜெபிக்கலாமா, துஆ செய்யலாமா என்ற கேள்வி வரும். பலருக்கு அது மனசாட்சிப் பிரச்சினை. வற்புறுத்த வேண்டாம். ஒரு நிமிட மௌனம் போதும், அதற்குள் அவரவர் தம் வழியில் வேண்டிக்கொள்ளட்டும்.

பொது அறிக்கை எழுதாதீர்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் மற்றவரின் வேதத்தில் தனக்கு இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வியைச் சிறு தாளில் எழுதித் தரட்டும். அடுத்த சந்திப்பு அந்தத் தாள்களில் ஒன்றிலிருந்து தொடங்கும்.

யாக்கோபின் பகுதியை ஒரு வருடம் கழித்து மறுபடி எடுங்கள். இந்த முறை வாசிப்பவர்களை மாற்றிவிடுங்கள். முஸ்லிம் நண்பர் ஆதியாகமம் 45:27ஐ வாசிக்கட்டும், கிறிஸ்தவ நண்பர் 12:87இன் தமிழை வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் மூன்று நிமிட மௌனம், வழக்கம்போல.